மெஷினுக்குத் தண்ணீர் ஏறவில்லையா? மொட்டைமாடியிலிருந்து தொடங்குங்கள்

வாஷிங் மெஷினில் துணியையும் சோப்புத்தூளையும் போட்டுப் பொத்தானை அழுத்துகிறோம். உள்ளே மெல்லிய இரைச்சல் கேட்கிறது. தண்ணீர் மட்டும் விழவில்லை, அல்லது நூலாக ஒழுகுகிறது. சிறிது நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு மெஷின் கத்தத் தொடங்குகிறது. எல்ஜி மெஷின் என்றால் திரையில் ‘ஐ.ஈ’ என்று வரும். சாம்சங் என்றால் ‘4சி’, சில மாடல்களில் ‘4ஈ’. பாஷ் என்றால் ‘ஈ17’. நிறுவனம் எதுவானாலும் இவை சொல்வது ஒன்றுதான்: குறித்த நேரத்துக்குள் குறித்த மட்டத்துக்குத் தண்ணீர் வந்து சேரவில்லை. ஏன் சேரவில்லை என்பது மெஷினுக்குத் தெரியாது, அதைச் சொல்லும் கருவியும் அதில் கிடையாது. ஆனால் திரையில் எழுத்து வந்தாலே மெஷினுக்குள் ஏதோ கெட்டுப்போனதாக எடுத்துக்கொள்வது வழக்கமாகிவிட்டது. உடனே மெக்கானிக்குக்குப் போன் போகிறது. இன்லெட் வால்வ் மாறுகிறது. இரண்டு மாதத்தில் அதே எழுத்து மறுபடி வந்து நிற்கிறது. மதுரையிலும் அதைச் சுற்றிய ஊர்களிலும் இந்தப் பழுதைத் தேட வேண்டிய முதல் இடம் மொட்டைமாடித் தொட்டி, கடைசி இடம் மெஷின். இந்த வரிசையை ஏன் வற்புறுத்துகிறேன் என்பதை விளக்கவே இந்த அத்தியாயம்.

காரணம் நம் ஊரின் தண்ணீர் ஏற்பாட்டிலேயே இருக்கிறது. 1959-இல் திறக்கப்பட்ட வைகை அணையின் நீர் பண்ணைப்பட்டியில் சுத்திகரிக்கப்பட்டு நகருக்கு வருகிறது. கோச்சடை, மேலக்கால், மணலூர் போன்ற இடங்களின் ஆற்றுப்படுகைக் கிணறுகளும் கை கொடுக்கின்றன. 2011-இல் ஆனையூர், அவனியாபுரம், திருப்பரங்குன்றம் முதலிய பகுதிகள் சேர்ந்து மாநகராட்சி 100 வார்டுகளாக விரிந்தது. இவ்வளவு பரப்புக்கும் இருக்கிற நீரை முறைவைத்துத்தான் திறந்துவிட முடிகிறது. பல பகுதிகளில் ஒன்றுவிட்ட ஒரு நாளோ, அதற்கும் தள்ளியோதான் குழாயில் தண்ணீர் வரும். அது தரையடிச் சம்ப்பில் இறங்கி, மோட்டார் வழியாக மேலே தொட்டிக்கு ஏறும். மற்ற நாட்களுக்குப் போர்த் தண்ணீர். மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கம் துணி துவைக்கப் பெரும்பாலும் போர்த் தண்ணீரே. ஆக, நம் வீட்டு மெஷின் தெருக்குழாயோடு இணைக்கப்பட்டதே அல்ல. நாம் மாடியில் வைத்த தொட்டியோடு இணைக்கப்பட்டது. இந்த வகை மெஷின்கள் முதலில் உருவான நாடுகளில் தெருக்குழாயில் இருபத்துநான்கு மணி நேரமும் இரண்டு மூன்று பார் அழுத்தம் நிற்கும். அந்த அழுத்தத்தை நம்பித்தான் இன்லெட் வால்வ் வடிவமைக்கப்பட்டது. லோயர் கேம்ப்பிலிருந்து முல்லைப் பெரியாற்று நீரைக் குழாயில் கொண்டுவரும் அம்ருத் திட்டத்தால் நகருக்குக் கிடைக்கும் தண்ணீரின் அளவு கூடும். ஆனால் அந்தத் தண்ணீரும் சம்ப்பில் இறங்கித் தொட்டிக்கு ஏறும்வரை, மெஷினுக்குக் கிடைக்கும் அழுத்தம் உங்கள் தொட்டியின் உயரம் மட்டுமே.

அந்த உயரத்தைக் கணக்கிட எந்த மீட்டரும் வேண்டாம். தச்சர் வைத்திருக்கும் அளவு டேப் போதும். தொட்டியில் நிற்கும் நீர்மட்டத்துக்கும், மெஷினின் பின்புறம் ஹோஸ் மாட்டும் இடத்துக்கும் நடுவே செங்குத்தாக எத்தனை அடி என்று பாருங்கள். பத்து அடிக்கு ஏறத்தாழ 0.3 பார். ஒரு முழு பார் வேண்டுமென்றால் முப்பத்துமூன்று அடிக்கும் சற்று மேல் உயரம் தேவை. இப்போது ஒரு சாதாரணத் தரைத்தள வீட்டை எடுத்துக்கொள்வோம். கூரையின் மேற்பரப்பு தரையிலிருந்து பத்தரை அடி. அதன்மேல் இரண்டரை அடி மேடையில் சின்டெக்ஸ் தொட்டி. மெஷினின் நீர்வாய் தரையிலிருந்து மூன்று அடியில் இருக்கிறது. தொட்டி காலியாகும் தறுவாயில் உயரம் பத்து அடி, அதாவது 0.3 பார். தொட்டி நிறைந்திருந்தால் இன்னும் மூன்றடி கூடி 0.4 பார் ஆகும். அதே வீட்டுக்கு மேலே ஒரு மாடி இருந்து, மெஷின் கீழ்த்தளத்தில் இருந்தால் 0.6-ஐத் தாண்டிவிடும். மாறாக, இடம் போதாமல் மெஷினை மொட்டைமாடியிலேயே தகரக் கொட்டகை போட்டு வைத்திருந்தால் கதை வேறு. தொட்டியின் அடிப்பக்கமும் மெஷினின் நீர்வாயும் ஏறத்தாழ ஒரே மட்டத்தில் இருக்கும். தொட்டி நிறைந்திருக்கும்போதுகூட 0.1 பார்தான், பாதிக்குக் கீழே இறங்கினால் அதுவும் இல்லை. மாடிப்படி அறையின் தலைமேல் தொட்டியை ஏற்றியிருந்தால் கொஞ்சம் தேவலை. ஐந்தடிதான் கிடைக்கும், அதாவது 0.15 பார்.

இனி மெஷினோடு வந்த கையேட்டையோ பின்புற ஸ்டிக்கரையோ பாருங்கள். குறைந்தபட்ச நீர் அழுத்தம் என்று ஓர் எண் இருக்கும். சில மாடல்கள் 0.3 பார் கேட்கும், சில 0.5, சில ஒரு பார். மெகாபாஸ்கலில் எழுதியிருந்தால் பத்தால் பெருக்குங்கள், 0.03 மெகாபாஸ்கல் என்பது 0.3 பார். உங்கள் வீட்டு உயரம் தரும் எண் அந்த ஸ்டிக்கரின் எண்ணைவிடக் குறைவாக இருந்தால், உங்கள் மெஷின் வாங்கிய நாளிலிருந்தே விளிம்பில் நின்று ஓடிக்கொண்டிருக்கிறது. ‘பக்கத்து வீட்டிலும் இதே உயரம்தான், அங்கே நன்றாக ஓடுகிறதே’ என்பவர்களுக்கு விடை இங்கே இருக்கிறது. அவர்களுடைய மெஷினின் வால்வ் குறைந்த அழுத்தத்துக்கென்றே செய்யப்பட்டதாக இருக்கலாம். இந்தியச் சந்தைக்காகச் சில நிறுவனங்கள் அப்படிப்பட்ட மாடல்களை விற்கின்றன. மாடித்தொட்டியை நம்பி வாழும் ஊரில் மெஷின் வாங்கப் போகிறவர்கள் எத்தனை கிலோ, எத்தனை நட்சத்திரம் என்று கேட்பதற்கு முன் இந்த எண்ணைக் கேட்க வேண்டும். கடைக்காரருக்குத் தெரியாவிட்டால் கையேட்டை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள்.

அழுத்தம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பது வால்வின் உள்ளமைப்பைப் பார்த்தால் விளங்கும். நாம் கையால் திருகித் திறக்கும் குழாயைப் போன்றதல்ல அது. உள்ளே ஒரு ரப்பர்த் தகடு நீர்வழியை அடைத்துக்கொண்டிருக்கும். அந்தத் தகட்டில் ஊசிமுனை அளவு துளை ஒன்று உண்டு. அதன் வழியே நீர் கசிந்து தகட்டின் மேற்புறம் நிறைந்து, தகட்டைக் கீழே அழுத்தி வைத்திருக்கும். மின்சாரம் வந்ததும் சுருளின் காந்தம் ஒரு சிறு இரும்புத் தண்டை மேலே இழுக்கும். மேற்புற நீர் வடிந்து அழுத்தம் குறையும். அப்போது வரும் நீரின் அழுத்தமே தகட்டைத் தூக்கி வழியைத் திறந்துவிடும். கவனியுங்கள், திறக்கும் வேலையை மின்சாரம் முழுதாகச் செய்வதில்லை. பெரும்பகுதியைத் தண்ணீர்தான் செய்கிறது. தண்ணீருக்கு வலு இல்லையென்றால் காந்தம் இழுத்தாலும் தகடு சரியாக எழும்பாது. இரைச்சல் கேட்கும், தண்ணீர் வராது. மூடுவதும் அதே அழுத்தத்தின் வேலைதான். அதனால் அழுத்தம் குறைந்த வீடுகளில் நேர்மாறான பழுதும் வரும்: மெஷின் ஓய்வில் இருக்கும்போது டிரம்மில் தண்ணீர் சேர்ந்துகொண்டே இருக்கும். அப்போது பிளக்கைப் பிடுங்கிப் பாருங்கள். பிடுங்கிய பிறகும் நீர் கசிந்தால் தகட்டில் மண்துகள் சிக்கியிருக்கிறது, அல்லது மூடப் போதிய அழுத்தம் இல்லை. பிடுங்கியதும் நின்றுவிட்டால் வால்வுக்குத் தவறாக மின்சாரம் அனுப்பும் சர்க்யூட் போர்டின் மேல் சந்தேகப்படலாம். இந்த ஒரு சோதனைக்குச் செலவு எதுவும் இல்லை.

இங்கே எழும் வலுவான மறுப்பு ஒன்றுண்டு. ‘டேப்பைத் திறந்தால் தண்ணீர் கொட்டுகிறது. அப்புறம் எப்படி அழுத்தம் இல்லை என்கிறீர்கள்?’ திறந்த குழாயில் தண்ணீர் கொட்டுவது வேறு, மூடிய வால்வைத் தள்ளித் திறக்கும் வலு வேறு. அகலமான குழாய் இருந்தால் நான்கடி உயரத்திலிருந்தும் வாளி நிறையும். அதே நான்கடி ரப்பர்த் தகட்டைத் தூக்கப் போதாமல் போகலாம். ஆகவே இரண்டையும் தனித்தனியே சோதிக்க வேண்டும். வலுவுக்கு அளவு டேப், ஓட்டத்துக்கு வாளி. வாளிச் சோதனையில் பலர் செய்யும் தவறு, ஹோஸைக் கழற்றித் தரையில் இருக்கும் வாளிக்குள் விட்டுவிடுவது. ஹோஸ் முனை மூன்றடி கீழே இறங்கும்போது மூன்றடி உயரம் கூடுதலாகக் கிடைத்துவிடுகிறது. பத்தடி மட்டுமே உள்ள வீட்டில் இது பெரிய ஏமாற்று. ஹோஸ் முனையை மெஷினின் நீர்வாய் உயரத்திலேயே பிடித்துக்கொண்டு, அங்கிருந்து நீர் வாளியில் விழட்டும். பத்து லிட்டர் வாளி ஒரு நிமிடத்துக்குள் நிறைந்தால் ஓட்டம் நன்று. இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆனால் மெஷினைத் தொட வேண்டிய அவசியமே இல்லை. அடைப்பு மேலே எங்கோ இருக்கிறது.

‘மூன்று வருடமாக நன்றாக ஓடிய மெஷின்தானே, தொட்டி உயரம் நேற்றா குறைந்தது?’ என்பது அடுத்த கேள்வி. உயரம் குறையவில்லை, வழி குறுகிவிட்டது. இந்தப் பகுதி கடும்பாறை நிலம். போர்க்குழாயில் வரும் நீர் பாறை வெடிப்புகளில் நெடுநாள் தங்கி, சுண்ணாம்பையும் மக்னீசியத்தையும் கரைத்துக்கொண்டு வருகிறது. குடிநீருக்கான இந்தியத் தரமான ஐ.எஸ். 10500, மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருப்பதே ஏற்கத்தக்கது என்கிறது. வேறு நீர் கிடைக்காத இடத்தில் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்று எல்லை வகுக்கிறது. நம் பக்கத்துப் போர்த் தண்ணீர் பல இடங்களில் 200-ஐத் தாண்டுவது சாதாரணம். வாளியின் உட்புறம் வெள்ளையாகப் படிவதும், சோப்பு நுரைக்க மறுப்பதும் அதன் அடையாளங்கள். அதே வெள்ளைப் படிவு மெஷினின் நீர்வாயில் இருக்கும் சல்லடையிலும், வால்வின் ஊசித்துளையிலும் ஏறுகிறது. மாசி வீதிகளை ஒட்டிய பழைய வீடுகளில் மூன்று மாடி உயரம் இருந்தும் தண்ணீர் வராததற்கு, உள்ளே துருவேறிச் சுருங்கிய பழைய இரும்புக் குழாய்கள் காரணமாகலாம். விளிம்பில் நிற்கும் வீட்டுக்கு இந்தச் சிறு சுருக்கமே போதும்; ஒரு பார் அழுத்தம் உள்ள வீட்டில் இதே படிவு இன்னும் சில வருடம் தெரியாமலே இருந்திருக்கும். கோடையில் தொட்டியை முழுதாக நிரப்ப முடியாமல் அரைத்தொட்டியில் ஓட்டும்போது மூன்றடியில் ஒன்றரை அடி போய்விடுகிறது. ஏப்ரல், மே மாதங்களில் இந்தப் புகார்கள் கிளம்புவது இதனால்தான்.

ஆகவே உயரத்தையும் ஓட்டத்தையும் அளந்த பின் முதல் வேலை சல்லடையைப் பார்ப்பது. மெஷினின் பிளக்கைக் கழற்றுங்கள், டேப்பை மூடுங்கள், ஹோஸைக் கையால் திருகிக் கழற்றுங்கள். நீர்வாய்க்குள் தெரியும் சிறு பிளாஸ்டிக் வலையைக் குறடு கொண்டு மெல்லப் பிடித்து நேராக இழுத்தால் வந்துவிடும். சில ஹோஸ்களில் டேப் முனையிலும் இன்னொரு வலை இருக்கும். அதைப் பலர் பார்ப்பதே இல்லை. மண் என்றால் பழைய பல்தேய்க்கும் பிரஷ்ஷும் தண்ணீரும் போதும். வெள்ளைப் படிவு என்றால் மளிகைக் கடையில் லெமன் சால்ட் என்று கிடைக்கும் சிட்ரிக் அமிலத்தை வெந்நீரில் கரைத்து அரை மணி நேரம் ஊறவையுங்கள். கழிப்பறைக்கு ஊற்றும் ஆசிட்டை இங்கே கொண்டுவர வேண்டாம். அது ரப்பரையும் உலோகத்தையும் தின்றுவிடும். வலை கிழிந்திருந்தால் அதில்லாமலே மெஷினை ஓட்டிவிடலாம் என்று நினைக்காதீர்கள். வலை தடுத்த மண் அடுத்து வால்வின் ரப்பர்த் தகட்டில்தான் போய் உட்காரும். ஹோஸைத் திரும்ப மாட்டும்போது வாஷர் இருக்கிறதா என்று பார்த்து, கையால் இறுக்கினால் போதும். மெஷினைச் சுவரோடு தள்ளும்போது ஹோஸ் மடங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தொட்டியைக் கழுவிய அடுத்த நாள் மெஷின் படுத்துக்கொள்வதற்கும் இந்த வலையில் சேரும் மண்ணே காரணம். அடியில் படிந்திருந்த வண்டல் கலங்கி, குழாய் வழியே இறங்கி, வலையில் நிரம்பிவிடுகிறது. கழுவுவதற்கு முன் மெஷினின் டேப்பை மூடிவிட்டு, கழுவிய பின் குளியலறைக் குழாய்களைத் திறந்து தெளிந்த நீர் வரும்வரை ஓடவிட்டு, அதற்குப் பிறகே மெஷின் டேப்பைத் திறக்க வேண்டும். தொட்டி ஒருமுறை முற்றிலும் வற்றி மறுபடி நிரம்பினால் ஏர் லாக் வரும். மொட்டைமாடியில் வெயிலில் வளைந்து மேடு தட்டிப்போன பிவிசி குழாய் உள்ள வீடுகளில் இது மிகுதி. மேட்டில் சிக்கிய காற்றைத் தள்ள பத்தடி நீருக்கு வலு போதாது. வீட்டிலேயே தாழ்வான குழாயை முழுக்கத் திறந்து வையுங்கள்; காற்று துப்பித் துப்பி வெளியேறிப் பின் நீர் சீராக வரும். அடிக்கடி இப்படி நேர்ந்தால் வளைந்த குழாயை நிமிர்த்திக் கட்டச் சொல்லுங்கள்; தொட்டியின் வெளிவாய் அருகே மேல்நோக்கி ஒரு காற்றுக்குழாயும் வைக்கச் சொல்லுங்கள். அது பிளம்பருக்கு அரை நாள் வேலை.

‘இத்தனை தொல்லை எதற்கு, ஒரு பிரஷர் பம்ப் மாட்டிவிட்டால் முடிந்தது’ என்று சொல்பவர்கள் நிறையப் பேர். உயரம் உண்மையிலேயே போதாத வீட்டுக்கு, குறிப்பாக மொட்டைமாடி மெஷினுக்கு, அது சரியான தீர்வு, மறுக்கவில்லை. ஆனால் அடைப்பை நீக்காமல் பம்ப் மாட்டினால், அடைப்பு பம்ப்பின் வலுவால் சில மாதம் மறைந்திருந்து பின் இன்னும் கெட்டியாக வெளிப்படும். வீடு முழுதுக்கும் பம்ப் வைத்தால் பழைய குழாய் இணைப்புகள் ஒழுகத் தொடங்கலாம். மெஷின் லைனுக்கு மட்டும் சிறு பம்ப்பாக, தொட்டி வற்றினால் தானே நின்றுவிடும் அமைப்போடு வாங்குங்கள். மாநகராட்சிக் குழாயிலிருந்து மோட்டாரால் நேரே உறிஞ்சுவதை ஒருபோதும் செய்யாதீர்கள். அது தடைசெய்யப்பட்டது, அதோடு உறிஞ்சும் குழாயில் ஓட்டை இருந்தால் பக்கத்துச் சாக்கடை நீரும் உள்ளே வரும், தெருவே அதைக் குடிக்கும். கடினநீருக்கென்று ஹோஸில் மாட்டும் கார்ட்ரிட்ஜ்களையும் எச்சரிக்கையோடு வாங்குங்கள். அவற்றில் பல கடினத்தன்மையை நீக்குவதில்லை, படிவதைத் தாமதிக்கின்றன, அவ்வளவே. நாளாக நாளாக அவையே ஓட்டத்தைக் குறைக்கின்றன. பத்தடி மட்டுமே உள்ள வீட்டில் மாற்றாமல் விட்ட கார்ட்ரிட்ஜே பழுதாக மாறும்.

இவையெல்லாம் சரியாக இருந்தும் எழுத்து போகவில்லையென்றால் மெஷின் பக்கம் திரும்பலாம். அங்கேயும் எளியவை முதலில். வெந்நீர், தண்ணீர் என இரண்டு நீர்வாய் உள்ள மெஷினில் ஒன்றை மட்டும் இணைத்துவிட்டு வெந்நீர் புரோகிராமைப் போட்டால், வராத வெந்நீருக்காக அது காத்திருக்கும். புரோகிராமை மாற்றினால் போதும். கழிவுநீர் ஹோஸின் முனை தரையில் கிடந்தால் வரும் நீர் வந்த வேகத்தில் வெளியேறிக்கொண்டிருக்கும். மட்டம் ஏறாததால் மெஷின் தண்ணீர் வரவில்லை என்றே சொல்லும். அந்த முனை கையேடு சொல்லும் உயரத்தில், பெரும்பாலும் தரையிலிருந்து இரண்டு முதல் மூன்றேகால் அடிக்குள், இருக்க வேண்டும். நீர்மட்டத்தை உணரும் மெல்லிய காற்றுக்குழாய் கழன்றோ சோப்புக் கசடால் அடைந்தோ இருக்கலாம். மின்னழுத்தம் மிகக் குறைந்த நேரத்தில் வால்வின் காந்தம் இழுக்காமல் போவதும் உண்டு. கிராமப்புறங்களில் மாலை வேளையில் மட்டும் பழுது வந்தால் இதை நினைவில் வையுங்கள். இவற்றைத் தாண்டிய பிறகே வால்வ். அதன் சுருளை மல்ட்டிமீட்டரால் அளந்தால் பொதுவாக மூன்று முதல் ஐந்து கிலோ ஓம் காட்டும்; எண்ணே காட்டாவிட்டால் சுருள் அறுந்துவிட்டது, வால்வை மாற்றத்தான் வேண்டும். இதை மெக்கானிக் செய்யட்டும். ஈரத் தரையில் மெஷினைத் திறந்து மின்சாரத்தோடு விளையாட வேண்டாம்.

‘கம்பெனி ஆள் படித்தவர், அவருக்குத் தெரியாததா?’ என்ற தயக்கம் நியாயமானது. அவருக்கு மெஷின் தெரியும். உங்கள் தொட்டி எத்தனை அடியில் இருக்கிறது, போன வாரம் கழுவினீர்களா, கோடையில் எவ்வளவு நிரப்புகிறீர்கள் என்பது அவருக்குத் தெரிய வழியில்லை. ஒரு நாளில் பல வீடு ஏறி இறங்குகிறவர் மொட்டைமாடிக்கு ஏறிப் பார்ப்பார் என்று எதிர்பார்க்கவும் முடியாது. புதிய வால்வின் வலையும் ரப்பரும் சுத்தமாக இருப்பதால் மாற்றியதும் மெஷின் ஓடும். அதனால் நோய் வால்வில்தான் இருந்தது என்று அவரும் நம்புவார், நீங்களும் நம்புவீர்கள். எனவே போன் செய்யும்போதே மூன்று விவரம் சொல்லுங்கள்: தொட்டி நீர்மட்டத்துக்கும் மெஷினுக்கும் நடுவே எத்தனை அடி, பத்து லிட்டர் வாளி நிறைய எவ்வளவு நேரம், வலையைக் கழுவிய பின் ஏதாவது மாறியதா. வந்தவர் வால்வைக் கழற்றினால் அதை அளந்து காட்டச் சொல்லிக் கேளுங்கள். பழைய வால்வைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள்.